சந்தை நின்றிருந்த முக்கால் மணி

நின்றுவிட்டது. விழுவது நின்றதா, பங்குச் சந்தையே நின்றதா என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. சுவர்த் திரையில் சிவப்பு எண்கள் அசையாமல் இருக்கின்றன. தரகு அலுவலகத்தின் டீலர் தண்டபாணி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து, பந்தி முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தவரைப்போலக் கைகளை விரித்து, "பத்து சதவீதம் எறங்கிருச்சுங்க, எக்ஸ்சேஞ்சே நிறுத்திட்டாங்க. முக்கா மணி நேரத்துக்கு ஒருத்தரும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்கிறார். "டீக்குக் காசு யாருங் குடுக்கறது?" என்று மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வுபெற்ற வேலுச்சாமி கேட்கிறார். நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. இந்த அறையில் ஏசி எப்போதும் அதிகம். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். கதவருகே புதிதாக வைத்திருக்கும் சானிடைசரின் நெடி மூக்கைக் கரிக்கிறது. போன வாரம் வரை இந்தப் புதுத் தொற்றுநோய் எங்கோ வெளிநாட்டில்தான் இருந்தது. வந்து உட்கார்ந்ததும் தண்டபாணி சொன்னதைத்தான் மனம் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது, ஆடும் பல்லை நாக்கு தொடுவதுபோல. "மேடம், உங்ககூட இருக்கற டீச்சரம்மா காத்தால போன் பண்ணியிருந்தாங்க. மத்தியானத்துக்குள்ள பணத்தோட வந்தர்றேன், அதுவரைக்கும் சுலோவோட ஷேர்ல கைய வெச்சறாதீங்கன்னு சொன்னாங்க." பணத்தோடு. ஞானசீலியிடம் பணம் ஏது? பென்ஷன் பாதி மருந்துக்கும் மீதி வாடகைக்கும் போகிறது. அவளிடம் இருப்பது தங்கக் காசுகள். காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். நான் கத்தரிக்காய் வாங்கப் போகிறாள் என்று நினைத்து, பிஞ்சாகப் பார்த்து வாங்கு என்றேன். அவள் "ஆமாட்டி, பிஞ்சாத்தான்" என்றாள், சிரிக்காமல்.

அவளைக் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறேன், எடுக்கவில்லை. சர்ச்சில் ஒருமுறை அவள் பையிலிருந்து போன் அலறியதிலிருந்து அதன் வாயை அடைத்தே வைத்திருப்பாள், வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நேற்று மாலை தண்டபாணி என்னிடம் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். எனக்கு இடது காது மந்தமாகி, போனில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைக்கிறேன். பங்குகளின் விலை இறங்கிவிட்டதால் அடமானம் போதவில்லை, நாளை மதியத்துக்குள் பணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் கம்பெனியே உங்கள் பங்குகளை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னபோது ஞானசீலி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. உருவி முடித்து, காம்புகளை முறத்தில் ஒதுக்கி, எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அந்த பீரோவுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவள் எதற்குத் திறக்கிறாள் என்று நினைக்கவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு சத்தத்தை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டவள் நான்.

தாவரவியல் அவளுக்கு, புள்ளியியல் எனக்கு. ஒரே பெண்கள் கல்லூரி, எதிரெதிர் கட்டடங்கள். ஒவ்வொரு மே மாதமும் விடைத்தாள் திருத்தப் போவோம். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் தாள்கள் பறக்க, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் திருத்துவோம். அந்தப் பணம் கைக்கு வந்ததும், சம்பளத்தில் சேராத பணம் என்பதால் அதை வீட்டுச் செலவில் கலக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். அவள் நேராகப் போய் ஒரு தங்கக் காசு வாங்குவாள். நான் பங்கு வாங்குவேன். "காயிதத்துக்கு காயிதம் வாங்குத, பைத்தியம்" என்பாள். "நீ மட்டும் என்ன, பெட்டியில் போட்டுப் பூட்டினால் குட்டியா போடும்?" என்பேன். நான் பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாளை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பங்குச் சந்தைக்குச் சிவப்புப் பென்சில், தங்கத்துக்கு மஞ்சள், டாலருக்குப் பச்சை. எங்காவது சண்டை, எங்காவது வங்கி முறிவு என்று செய்தி வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே பங்குகளை விற்று, வந்த ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சிவப்பு இறங்கும், பச்சை ஏறும். தங்கம் டாலரில் வருகிற பொருள், ரூபாய் மெலிந்தால் அதற்கு இங்கே விலை கூடும், போதாததற்குப் பயந்த சனமெல்லாம் தங்கத்தைத் தேடும். ஆக மஞ்சளும் ஏறும். கரண்டிக் காம்பால் சுட்டிக்காட்டி அவளுக்குப் பாடம் நடத்தினேன். "உன் தங்கமும் என் பங்கும் ஒரே நாளில் விழாது சீலி. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்." அவள் தாளிப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்பம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சொத்துன்னு சொல்லு" என்றாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது, சாட்சிக்குக் கடுகு வெடித்தது. இப்போது அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அவள் காசுகளைத் தூக்கிக்கொண்டு நகைக்கடைகள் உள்ள பெரிய கடை வீதிக்குப் போயிருக்கிறாள். விழுந்தது நான். தாங்க வேண்டியது அவள். கணக்கு அவளைப் பொறுத்தவரை சரி.

ஆனால் மஞ்சளும் விழுகிறது. திரையின் அடியில் ஓடும் வரியில் அதைத்தான் போடுகிறார்கள்: டாலர் ஏற்றம், ரூபாய் சரிவு, தங்கமும் சரிவு. முதல் தடவை ஓடியபோது தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் அதையே போட்டார்கள். "தங்கத்துக்கு என்னுங்க கேடு? அது ஏறணுமல்லோ?" என்று வேலுச்சாமி யாரையும் பார்க்காமல் கேட்கிறார். "ஏறிட்டுத்தானுங்க இருந்துச்சு போன வாரம் வரைக்கும். இப்ப அதையும் விக்கறாங்க" என்கிறார் தண்டபாணி. "எதுக்குங்க விக்கறாங்க?" "ஷேர்ல கட்டறதுக்குக் காசு வேணுமல்லங்க, விக்கற மாதிரி எது இருக்குதோ அதைத்தான் விப்பாங்க." அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை ஊதுகிறார்.  விற்கிற மாதிரி எது இருக்கிறதோ அது. நியூயார்க்கிலும் லண்டனிலும் யாரோ பெரிய மனிதர்கள் பெரிய கணக்குகளைப் போட்டு விற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இருக்கலாம், அவர்களும் விற்கலாம். ஆனால் தங்கம் இறங்குவது இப்படித்தான் இருக்கும்: ஒரு வீட்டில் ஒருத்தியின் பங்குகள் முழுகுகின்றன, அதே வீட்டில் இன்னொருத்தி பீரோவைத் திறக்கிறாள். கெட்ட காலத்தில் தங்கமும் பங்கும் ஒன்றாக விழுவதற்குக் காரணம் பயம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பாதிதான் பயம். மீதிப் பாதி, கூட இருப்பவள் முழுகும்போது கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவது. அந்தப் பாதிக்குப் பாடத்திட்டத்தில் பெயர் கிடையாது. இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை அளக்கும் ஒட்டுறவுக் கெழுவை முப்பது வருடம் நடத்தினேன், கரும்பலகை நிறைய. என் கிராஃப் தாளில் இது ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் மாதக் கடைசி விலையைத்தான் குறித்தேன். சம்பளக்காரி புத்தி, எனக்கு மாதம் என்றாலே கடைசித் தேதிதான். நடுவில் சில நாட்கள் எல்லாமே சேர்ந்து குப்புற விழுந்து, மாதம் முடிவதற்குள் மஞ்சள் மட்டும் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டு நின்றிருக்கும். எழுந்தபின் எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு இது விழாத பெண் என்று சாதித்திருக்கிறேன். மாணவி ஒருத்தி இப்படிச் செய்துகொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். விழுகிற அந்தச் சில நாட்களில் ஒரு நாள் இன்று. இந்த நாளில் போய் அவள் காசை விற்கிறாள்.

கோத்தகிரியில் அந்த முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனது போன நவம்பரில். கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள், முன்பணம் கட்டினால் சாகும்வரை அறை உண்டு, கஞ்சி உண்டு, கூப்பிட்டால் ஆள் உண்டு. மூடுபனியில் சவுக்கு மரங்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஞானசீலி அறைக்குள் போனதும் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் எழும்பிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து அடைத்தாள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தாள். "எனக்க தங்கத்துக்கு ஒரு ரூம் சரியா வரும். உனக்க காயிதத்துக்கு அடுத்த ரூம் வருமாட்டி?" என்றாள். வரும் என்றேன். வரவில்லை, கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் பிப்ரவரி முடிவில் சந்தை முதல் தடவை சரிந்தபோது, சுவரில் சிவப்பு இறங்கி மஞ்சள் ஏறியிருப்பதைப் பார்த்து, இனி சிவப்பு திரும்பும் என்று பழைய பங்குகளையெல்லாம் அடமானம் வைத்து, கடன் வாங்கிப் புதிதாக வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்தடுத்த அறைகள் என்று சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன். இப்போது அவள் தங்கத்தை விற்று என் பங்குகளைக் காப்பாற்றினால் என்ன ஆகும்? சந்தை இன்னும் விழுந்தால் இரண்டு அறையும் இல்லை. எழுபத்து நாலு வயதில், நடக்கும்போது வலது முழங்காலைத் தன் கையால் தானே அழுத்திக்கொண்டு நடக்கிற ஒருத்தி எங்கே போவாள்? அண்ணன் மகன் வீட்டுக்கா? அவன் தக்கலையில் புது வீடு கட்டியபோது இவளுக்கென்று கட்டிய அறையில் இன்வெர்ட்டரை வைத்தான். நானே அவளைக் கவனித்துக்கொள்வேன் என்று சொல்லலாம். சொல்கிறவளுக்கு எழுபத்தொன்று. ராத்திரி குளியலறையில் அவள் வழுக்கினால் தூக்க என் முதுகு விடாது. என் பங்குகள் பிழைத்தாலும் பிழைக்கலாம். பிழைக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, இவ்வளவு வேகமாக விழுந்தது கொஞ்சமாவது எழும். அப்படித் தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது. இதே மாதிரிதான் பிப்ரவரியிலும் தோன்றியது.

விற்றுவிட வேண்டும். அவள் விற்பதற்குமுன் நான் விற்றுவிட்டால் அவள் பணத்துக்கு இங்கே வேலை இல்லை. கடன் அடையும், கையில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான், முப்பது மே மாதங்கள் போகும். போகட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள். நாக்கு கூசுகிறது. முதன்முதலில் வாங்கிய அந்தப் பம்பு கம்பெனி. அதன் ஆண்டறிக்கை தபாலில் வரும்போது என் பெயரை முழுசாக அச்சடித்திருப்பார்கள், பி. சுலோசனா என்று. அப்பா பெயரின் எழுத்தோடு, வேறு யார் வழியாகவும் இல்லாமல், நான் ஒரு பம்பு கம்பெனியின் சொந்தக்காரி. சின்னப் புழுவளவு சொந்தக்காரி. ஆனாலும் அந்த உறையை நான் மேசைமேல் சில நாட்கள் அப்படியே வைத்திருப்பேன். சரி, அவள் ஏற்கனவே விற்றிருந்தால்? இந்நேரம் கடைக்காரர் காசை உரசிப் பார்த்து, எடை போட்டு, நோட்டை எண்ணிக்கொண்டிருந்தால்? அப்போது நான் விற்பது வீண், அவளுடையதும் போய் என்னுடையதும் போய், இரண்டு கிழவிகள் ஒரு மூட்டை ரூபாயோடு, தினம் மெலிகிற ரூபாயோடு. ஆகவே முதலில் அவளைப் பிடித்துக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. மறுபடி கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. கேட்டுவிட்டு என்றால் என்ன அர்த்தம்? அவள் விற்றிருந்தால் நான் விற்கமாட்டேன் என்றா? அவள் விற்றிருக்கட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று மூலையில் உட்கார்ந்து விரும்புகிறதா? அதன் முகத்தைப் பார்க்க நான் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிகிறது. எழுந்துவிட்டேன். கண்ணாடித் தடுப்பருகே போகிறேன். "தண்டபாணி, ஆர்டர் எப்போது போடலாம்?" "தொறக்கறதுக்கு முந்தி கா மணி நேரம் ஆர்டர் எடுத்துக்குவாங்க மேடம், இப்ப ஆரம்பிச்சிருச்சு. வாங்கறீங்களா?" "விற்கிறேன். எல்லாவற்றையும்." அவர் டீ டம்ளரைக் கீழே வைக்கிறார். "டீச்சரம்மா பணத்தோட வர்றேன்னு சொன்னாங்களே?" "அதற்காகத்தான்." "மேடம், நான் சொல்லக்கூடாது, ஆனா இது விக்கற நாளு இல்லீங்க. வெளிநாட்டுச் சந்தையெல்லாம் லேசா மேல வர்ற மாதிரி இருக்குது. ஒரு மணி நேரம் பாத்துட்டு..." "போடுங்கள்."

எதிரெதிரே நின்றாலும் வாயால் சொன்னால் செல்லாது; பதிவாகிற போனில்தான் சொல்ல வேண்டும், அதுதான் விதி. தண்டபாணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் கைபேசியைக் கூப்பிடுகிறார், நான் இந்தப் பக்கம் நின்று எடுக்கிறேன். ஒரு முழம் தூரத்தில் அவர் உதடு அசைகிறது, குரல் கொஞ்சம் தாமதித்துக் காதுக்கு வருகிறது. "வணக்கம், பி. சுலோசனா அவங்களா பேசறது?" "நானேதான், தெரியவில்லையா?" "அப்படித்தாங்க கேக்கோணும்." ஒவ்வொரு கம்பெனியின் பெயராகப் படிக்கிறார், எத்தனை பங்கு, கிடைத்த விலைக்கு விற்கலாமா என்று கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான் தனியாகச் சரி சொல்ல வேண்டும். சிமென்ட், சரி. நூல் மில், சரி. மருந்து, சரி. ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் அறை முழுக்க அவர் கேள்விகளும் என் சரிகளும் கேட்கின்றன, வேலுச்சாமி வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார். நடுவில் காதருகே டொக், டொக் என்று வேறொரு சத்தம். இன்னொரு அழைப்பு. போனைக் கண்முன் கொண்டுவருகிறேன்: சீலி. இதை எடுத்தால் அது அறுந்துவிடும். எடுத்தால் அவள் சொல்வாள், விற்றாயிற்று என்றோ இல்லை என்றோ, அதன்பின் என் வாயிலிருந்து இந்தச் சரி வருமா என்று எனக்குத் தெரியாது. டொக், டொக். பையன் பள்ளியிலிருந்து வந்து கதவைத் தட்டுவதுபோலப் பொறுமையில்லாத தட்டல். "அடுத்தது பம்பு கம்பெனிங்க மேடம்." டொக். "மேடம்? அது இருக்கட்டுமா? அது இல்லாமயே கடனைச் சரிக்கட்டிப் பாக்கலாமுங்க, கொஞ்சம் பத்தாது, மிச்சத்துக்கு டீச்சரம்மா..." "சரி" என்கிறேன். "சரின்னா, இருக்கட்டுமா, வித்தரட்டுமா?" "விற்றுவிடுங்கள்." தட்டல் நின்றுவிட்டது. அவர் தலையைக் குனிந்து தட்டச்சு செய்கிறார். நான் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கனத்த கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி வெளியே வருகிறேன். மாடிப்படியில் வெயில் சூடாக, ஆறுதலாக அடிக்கிறது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே அவளைக் கூப்பிடுகிறேன், மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறாள். "எட்டி, போன எடுக்க மாட்டியா? உனக்க போனுல எத்தன தடவ கூப்புட்டிருக்க, ஆரும் செத்துப் போனாவளோன்னு பயந்துட்டேன்." "சீலி, விற்றுவிட்டாயா?" "எங்கட்டி விக்க? வரிசைல நிக்கேன். கடை தொறந்த உடனே வந்தும் தெரு வரைக்கும் ஆளு. வேங்க ஆளில்ல, எல்லாம் விக்க வந்த ஆளு. எனக்க முன்னால ஒரு புள்ள தாலிக்கொடியக் கைல வச்சிட்டு நிக்குவு, புருசன் ஷேரு போட்டானாம். அதுக்கு முன்னால ஒரு தாத்தா, அவருக்கு மருமவன். இந்த வரிசைல நிக்க ஒவ்வொருத்தருக்கும் வீட்ல உன்னப் போல ஒரு வேலையத்தது இருக்கும் போல." நான் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். கல் சுடுகிறது. "நான் விற்றுவிட்டேன்" என்கிறேன். "எத?" "எல்லாவற்றையும். கடன் தீர்ந்தது. உன் பணம் வேண்டாம்." அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள். பிறகு, மெதுவாக, "அந்தப் பம்பு கம்பெனியையுமா?" என்கிறாள். "அதையும்தான்." "ஏன்ட்டி? நான் வாரேன்னு சொல்லித்தானே இருந்தேன்." "கோத்தகிரியில் உனக்கு அந்தக் கட்டில் பிடித்திருந்தது" என்கிறேன். அப்போது மேலே, அந்தக் கனத்த கதவையும் மீறி, ஒரு சத்தம் எழும்புகிறது, நாற்காலிகள் நகரும் சத்தம், பலர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம், வேலுச்சாமியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. சந்தை திறந்துவிட்டது. கத்துவது ஏறுவதற்கா, இறங்குவதற்கா என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனிதர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள். என் கழுத்து திரும்பப் பார்க்கிறது, கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறேன். "அது என்னட்டி சத்தம்?" "சந்தை." "ஏறுகா, எறங்குகா?" நான் எழுந்து அடுத்த படியில் கால் வைக்கிறேன். "பார்க்கவில்லை சீலி. நீ அந்த வரிசையை விட்டு வெளியே வா. முன்னால் நிற்கிற அந்தப் பெண்ணையும் இன்றைக்கு விற்கவேண்டாம் என்று சொல்லிப் பார். நான் ஆட்டோ பிடித்து வருகிறேன்."